செல்லின் இரும்புக் கணக்கு

கே: இரும்பு மாத்திரையைக் காலைக் காப்பியோடு விழுங்கலாமா?
(வாசகி, கும்பகோணம்)

கூடாது. காப்பி, டீ இரண்டுமே இரும்பைக் குடலில் சேரவிடாது. தண்ணீரோடு விழுங்குங்கள். காப்பி ஒரு மணி நேரம் கழித்து.

கே: ரத்தசோகை இல்லை, களைப்புதான். மனைவியின் இரும்பு மாத்திரையை நானும் போட்டுக்கொள்கிறேன். தவறா?
(வாசகர், திருப்பூர்)

தவறு. இன்றே நிறுத்துங்கள். மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடலில் தனி வழி கிடையாது. முதலில் ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பாருங்கள்.

கே: அண்ணன் மகனுக்கு 14 வயது. ஃப்ரீட்ரிக் அடாக்ஸியா என்று மரபணுச் சோதனையில் தெரிந்தது. இதயத்தில் இரும்பு படியுமாம். கீரை, ஈரல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். சரிதானே?
(வாசகி, மதுரை)

சரியில்லை அம்மா. பிள்ளைக்கு வழக்கம்போலச் சாப்பாடு போடுங்கள். இது சாப்பாட்டால் வந்த நோயே இல்லை.

இரும்பு என்றால் ரத்தம் என்பதோடு பாடத்தை முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு. ஒவ்வொரு செல்லும் இரும்பைக் கந்தகத்தோடு சேர்த்துச் சிறு கொத்துகளாகக் கட்டுகிறது. மூச்சுக்காற்றை ஆற்றலாக்கும் புரதங்களும், டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் சில புரதங்களும் அந்தக் கொத்து இல்லாமல் இயங்கா. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் என்எஃப்எஸ்-1 என்ற நொதி சிஸ்டீனிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கிறது. ஐஎஸ்சியு புரதத்தின் மேல் கொத்து உருவாகிறது. இதை விரைவுபடுத்துவது ஃப்ராடாக்சின். உங்கள் பிள்ளையிடம் குறைந்திருப்பது அதுதான்.

செல் தன்னிடம் இரும்பு போதுமா என்று அறிவதும் இந்தக் கொத்தை வைத்தே. ஐஆர்பி-1 என்ற புரதம் நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் கொண்ட கொத்தைத் தாங்கியிருந்தால் அகோனிட்டேஸ் நொதியாக வேலை செய்யும். கொத்து இல்லையென்றால், ஆர்என்ஏக்களைப் பற்றிக்கொண்டு, இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டினின் உற்பத்தியைத் தடுக்கும். இரும்பை உள்ளே இழுக்கும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைப் பெருக்கும். கொத்து கட்ட முடியாத செல், இரும்பு இருந்தும் பஞ்சம் என்றே கணக்கிட்டு மேலும் மேலும் இழுக்கிறது. வந்த இரும்பு மைட்டோகாண்ட்ரியாவில் தேங்குகிறது. கீரையை நிறுத்தி இந்தக் கணக்கைத் திருத்த முடியாது. வளரும் பிள்ளை இளைப்பதுதான் மிச்சம்.

செய்ய வேண்டியவை வேறு. இதயத்துக்கு எக்கோ, ரத்தத்தில் சர்க்கரை இரண்டையும் ஆண்டுதோறும் பாருங்கள். இயன்முறைப் பயிற்சியை விடாதீர்கள். 16 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஓமாவெலாக்சோலோன் என்ற மருந்தை அமெரிக்கா 2023இல் அனுமதித்திருக்கிறது. நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுவையுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் இந்நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மரபணு ஆலோசனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கே: ஹீமோகுளோபின் சரியாகிவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?
(வாசகி, சேலம்)

இன்னும் மூன்று மாதம் சாப்பிடுங்கள். சேமிப்பு நிரம்ப வேண்டும்.