மூன்று விரல் நுழைகிறதா?

திருவனந்தபுரம் சாலைக் கடைவீதி. முறுக்கான் கடைக்காரர் வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பு தடவி, பச்சைப் பாக்கைச் சீவிப் போடுகிறார். வாங்குபவருக்கு ஐம்பது வயதிருக்கும். “புகையிலை வேண்டாம்” என்கிறார். புகையிலை இல்லாவிட்டால் வெற்றிலை பாக்கு செரிமானத்துக்கு நல்லதுதானே என்ற பேச்சு நாகர்கோவில் வரைக்கும் உண்டு.

பாக்கை இவ்வளவு சுலபமாகத் தப்பவிட முடியாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் புகையிலை சேராத வெற்றிலை பாக்கையும், தனிப் பாக்கையும்கூடப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. புற்று வருமுன்பே கன்னத்தின் உட்புறம் நார்நாராக இறுகலாம். வாய் திறப்பது குறையும். சுட்டு, நடு, மோதிர விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நுழையாவிட்டால் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். பாக்கைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல்லும் தேய்ந்து கூசும். பழி மட்டும் வயதின் மேல்.

வலித்தால் போய்க்கொள்ளலாம் என்பது அடுத்த நம்பிக்கை. வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் 2004 வரை, 35 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடையே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்று இறப்பு 34 சதவீதம் குறைந்தது. பழக்கம் இல்லாதவர்களிடம் அப்படிப் பலன் தெரியவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

உமிக்கரியால் பல் விளக்கினால்? பளபளப்பு வருவது உண்மைதான். சுரண்டினால் எதுவும் பளபளக்கும். நாற்பதுக்குமேல் பலருக்கு ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். அது எனாமலைவிட மென்மையானது, கரி அதையும் அரைக்கும். தொப்பை குறைய விடியலில் எலுமிச்சைச் சாறு குடித்த கையோடு பல் விளக்குபவர்கள் இன்னும் மோசம்: அமிலத்தில் இளகிய எனாமலைத்தான் தேய்க்கிறார்கள். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரைமணி நேரம் பொறுக்கலாம்.

“கிளீன் பண்ணினால் பல் ஆடிவிடும்.” பல்லில் படிந்த காரையின் அடியில் ஈறும் எலும்பும் ஏற்கெனவே கரைந்திருக்கும், காரை போனதும் அது தெரிகிறது. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இந்தக் கரைதல் வேகமாக நடக்கும், ஈறு நோயும் தன் பங்குக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் மங்குமா என்று கேட்காத ஆளே இல்லை. மங்காது. நாற்பதைத் தாண்டியவருக்கு வெள்ளெழுத்து எப்படியும் வரும், பல்லைப் பிடுங்கினாலும் பிடுங்காவிட்டாலும்.