பட்டன் தொலைபேசியில் விளையாட்டும் மென்பொருளும்: திருகோணமலை மாவட்டக் கமக்காரர் அறியவேண்டியவை

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில், கமக்காரரின் மடியில் வெற்றிலைப் பையோடு கைத்தொலைபேசியும் இடம்பெற்றுவிட்டது. தொடுதிரைத் தொலைபேசிகள் பெருகியுள்ளனவாயினும், தம்பலகாமத்திலும் மூதூரிலும் கந்தளாயிலும் வயலுக்குச் செல்வோர் பலர் பட்டன் தொலைபேசியையே இன்னும் விரும்புகின்றனர். சேறு பட்டால் துடைத்துக்கொள்ளலாம். ஒரு முறை மின்னேற்றினால் பல நாட்களுக்குப் போதும். இத்தொலைபேசியில் மென்பொருளை ஏற்றுமுன் கவனிக்க வேண்டியவற்றை இப்பிரசுரம் கூறுகின்றது.

தொலைபேசி இன்ன வேலையை இன்னவாறு செய்தல் வேண்டும் என்று பணிக்கும் கட்டளைத் தொகுதியே மென்பொருள் ஆகும். விளையாட்டும் மென்பொருளே. இவற்றுட் சில தொலைபேசியோடு கூடவே வருவன. 1997 இல் நோக்கியா 6110 உடன் வந்த பாம்பு விளையாட்டு இவ்வகையது. அதற்குச் செலவு எதுவுமில்லை. ஏனையவை பின்னர் தரவிறக்கி ஏற்றப்படுவன. எல்லாத் தொலைபேசியும் இவற்றை ஏற்கமாட்டா. 2003 இல் வெளிவந்து, உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்பனையான நோக்கியா 1100 எதனையும் ஏற்காது. அதிலிருந்த மின்விளக்கோ, இரவில் வக்கடை பார்க்கப் போவோருக்கு எந்த மென்பொருளிலும் மேலாக உதவிற்று எனலாம்.

தரவிறக்கியதை ஏற்கும் பட்டன் தொலைபேசிகளிற் பெரும்பாலானவை ஜாவா என்னும் முறையில் இயங்கின. அதற்குரிய கோப்பு 'ஜார்' எனப்படும். முதற் காலத்துத் தொலைபேசிகள் சில 64 கிலோபைற்றுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்க மறுத்தன. ஆதலின், கடையில் பணம் கொடுத்து ஏற்றுவிக்குமுன், தமது தொலைபேசிக்கு அக்கோப்புப் பொருந்துமா என்று கேட்டறிதல் வேண்டும். பழைய மென்பொருள்கள் காலப்போக்கிற் பயனற்றும் போகின்றன. நோக்கியா எஸ்40 வகைத் தொலைபேசிகளில் இயங்கிய வாட்ஸ்அப், 2018 டிசம்பர் 31 உடன் நிறுத்தப்பட்டது. அதனை இன்றும் ஏற்றித் தருவதாக எவரேனும் கூறின் நம்புதல் தகாது.

இனிக் கூறப்படுவதே முக்கியமானது. ஜாவா மென்பொருள் தானாகக் குறுஞ்செய்தி அனுப்ப முயலும்போது, தொலைபேசி உடையவரிடம் அனுமதி கேட்பது வழக்கம். திரையில் தோன்றும் அவ்வினா பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். விளையாடும் பிள்ளையோ, விளையாட்டு விரைவில் தொடங்கவேண்டும் என்ற ஆவலில் 'ஆம்' என்று அழுத்திவிடும். 2006 இல் ருசிய மொழியிற் பரவிய 'ரெட்பிரௌசர்' என்னும் மென்பொருள் இவ்வழியாலேயே பணம் பறித்தது. இணையத்தைச் செலவின்றிப் பார்க்கலாம் என்று அது ஆசை காட்டிற்று. அனுமதி கிடைத்ததும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 டொலர் பெறுமதியான குறுஞ்செய்திகளை அனுப்பிற்று. பாம்பை ஓட்டவோ பந்தை உருட்டவோ குறுஞ்செய்தி எதற்கு? விளையாட்டு ஒன்று செய்தி அனுப்ப அனுமதி கேட்குமாயின், 'இல்லை' என்று அழுத்தி, அதனை உடனே அழித்துவிடுக. நாளாந்தம் பணம் கழிக்கும் சேவைகளும் இவ்வாறே ஒரு பட்டனை அழுத்துவதால் தொடங்கிவிடுவதுண்டு. மீதிப் பணம் காரணமின்றிக் குறையுமாயின், தொலைபேசிக் கம்பனியை அழைத்து அச்சேவையை நிறுத்துவித்தல் வேண்டும்.

பெரும்போக நெல் குடலைப் பருவத்தில் நிற்கும்போது, மீதிப் பணம் இல்லாத தொலைபேசியால் யாது பயன்? அறக்கொட்டி எனப்படும் கபிலநிறத் தத்தி சேர்ந்த வயல், சில நாட்களிலேயே வட்டம் வட்டமாகக் கருகக்கூடும். அவ்வேளையில் ஆலோசனை பெற மென்பொருள் எதுவும் தேவையில்லை. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் எண்ணை எந்தப் பட்டன் தொலைபேசியிலிருந்தும் அழைத்துத் தமிழிற் பேசலாம்.

குறுஞ்செய்தியிலும் பார்க்கப் பேச்சே தமிழருக்கு வசதியானது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து 160 அடங்கும். தமிழிலோ 70 இடங்களே கிடைக்கும். கண்ணுக்கு நான்கு எழுத்தாகத் தோன்றும் 'மிளகாய்', கணக்கில் 7 இடங்களைப் பிடித்துக்கொள்ளும். தமிழ் எழுத்தைக் காட்டத் தெரியாத தொலைபேசியில் வெறும் கட்டங்களே தோன்றும். நோயின் அடையாளங்களை இதற்குள் எழுதி முடிப்பது இயலாத காரியம்.

அழைக்குமுன் வயலுள் இறங்கி, நெற்பயிரை விலக்கித் தண்டின் அடிப்பாகத்தைப் பார்த்தல் வேண்டும். தத்திகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலேயே கூடியிருக்கும். நெல்லினம், விதைத்த திகதி, கடைசியாக யூரியா இட்ட நாளும் அளவும், வயலில் நிற்கும் நீரின் ஆழம், முன்னர் தெளித்த மருந்தின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, வரம்பில் நின்றவாறே அழைக்கலாம். நேரிற் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய நிலைமையாயின், அண்மையிலுள்ள கமநலச் சேவை நிலையத்துக்குச் சென்று விவசாயப் போதனாசிரியரைக் காணுதல் வேண்டும். பாதிக்கப்பட்ட பயிரை வேரோடு பிடுங்கிக் கொண்டுசெல்லுதல் நன்று.