அங்கீகாரம் என்னும் சொல்லும் இணையவழிப் பட்டமும்

இணையவழியே பெறும் பட்டத்தை அரசாங்கம் ஏற்குமா, பாடசாலைகள் ஏற்குமா என்னும் வினா, உயர்தரப் பெறுபேறு வெளியாகுந்தோறும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எழுகின்றது. கொழும்பு மாவட்ட மாணவர் பல்கலைக்கழகம் புக உயர்ந்த இசட் புள்ளி வேண்டும். வேறு சில மாவட்டங்களில் இடம் பெறத்தக்க புள்ளியை உடையவனும் இங்கே வாயிலில் நின்றுவிடுகின்றான். அவனுக்கு, வீட்டிலிருந்தே படித்துப் பட்டம் பெறலாம் என்னும் விளம்பரம் ஆறுதலாகத் தோன்றுதல் இயல்பே. நகையை அடகு வைத்தும், கடல் கடந்த உறவினர் அனுப்பும் பணத்தைக் கொண்டும் பெற்றோர் கட்டணம் செலுத்துகின்றனர். ஆதலின் இவ்வினாவை நிதானித்து ஆராய்தல் வேண்டும்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். அங்கீகாரம் என்பது வடசொல். அங்கம் என்பது உறுப்பு. ஒன்றைத் தன் உறுப்பாக, தன்னுடையதாக ஆக்கிக்கொள்ளுதலே அங்கீகரித்தல். ஆகவே ஏற்போன் ஒருவன் இன்றி அங்கீகாரம் இல்லை. 'இப்பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா?' என்று மட்டும் கேட்பது எழுவாய் இல்லா வாக்கியம் போன்றது. எவர், எதன்பொருட்டு ஏற்பர் என்பதைச் சேர்த்துக் கேட்டாலன்றி விடை கிடையாது. விளம்பரம் எழுதுவோர் இவ்விலக்கணத்தை நன்கு அறிந்தே எழுவாயை மறைக்கின்றனர்.

வகுப்பறையில் அமராது பெறும் பட்டம் நமக்குப் புதியதன்று. எங்கே படித்தவராயினும் பரீட்சை எழுதிப் பட்டம் பெறலாம் என்னும் வழியை இலண்டன் பல்கலைக்கழகம் 1858இல் திறந்தது. 1921இல் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை அக்கல்லூரி மாணவர் எழுதியவை இலண்டன் வெளிவாரிப் பரீட்சைகளே. விபுலாநந்த அடிகளும் இவ்வழி வந்தவரே. 1892இற் காரைதீவிற் பிறந்து, கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்று, இலண்டன் சென்று பயிலாமலே அப்பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தினதும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தினதும் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனவர் அவரே. (பயிற்றப்பட்ட ஆசிரியராகிய எம்போன்றோர்க்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு.)

அன்று அப்பட்டத்தை உலகம் ஏற்றமைக்குக் காரணம் யாது? மாணவன் எங்கே படித்தான் என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை, பரீட்சையை நம்பினர். கண்காணிப்புடைய மண்டபத்திலே, தன் பெயருக்குத் தானே எழுதிய விடைத்தாளுக்கு அளிக்கப்பட்ட பட்டம் அது. இணையவழிப் பட்டத்தைப்பற்றி இன்று எழும் ஐயமும் இதுவே. பாடம் கணினியில் நடந்ததா என்பதன்று கேள்வி. பரீட்சையை எழுதியவர் யார், அதனை நடத்தியவர் யார் என்பதே. 2020இல் பெருந்தொற்றினால் வளாகங்கள் மூடப்பட்டபோது நம் அரச பல்கலைக்கழகங்களும் சூம் வாயிலாகவே விரிவுரை நடத்தின. அக்காலத்து உள்வாரி மாணவரின் பட்டத்தை 'இணையவழிப் பட்டம்' என்று எவரும் இகழக் கேட்டிலோம்.

நாட்டுக்குள்ளே ஐயமற்ற வழிகளும் உள. 1980இல் நிறுவப்பட்டு நாவலையில் அமைந்துள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் ஓர் அரச பல்கலைக்கழகம். அதன் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தமிழ்மொழி மூலம் கற்ற ஆசிரியர் பலர். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டநெறி 2000இல் தொடங்கியது. யாழ்ப்பாணம், பேராதனை, களனிப் பல்கலைக்கழகங்களும் வெளிவாரிப் பட்டம் வழங்கியுள்ளன.

சிக்கல் பெரிதும் வெளிநாட்டுப் பட்டத்திலேயே எழுகின்றது. அரச பதவி விளம்பரங்களிற் காணும் தொடர், 'பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினால் அங்கீகரிக்கப்பட்ட பட்டம்' என்பது. பல்கலைக்கழகத்தின் பெயர் நற்பெயராயிருந்தாற் போதும் என்று இதற்குப் பொருள் கொள்வோர் உளர். அது போதாது என்பதற்கு, அடிகள் பேராசிரியராயிருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகமே சான்று. அதன் தொலைநிலைக் கல்விக்குத் தான் அளித்த அங்கீகாரம் 2014–15 கல்வியாண்டுவரை மட்டுமே என இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 மார்ச்சில் அறிவித்தது. அதே குழு, அதே ஆண்டு செப்டெம்பரில், உரிய அனுமதியுடன் தொலைநிலையிலும் இணையவழியிலும் வழங்கப்படும் பட்டம் நேர்முகப் பட்டத்துக்கு ஒப்பானது என்றும் அறிவித்தது. இரண்டும் முரண் அல்ல. பல்கலைக்கழகம் ஒன்றே, எந்த நெறி, எந்த முறை, எந்த ஆண்டு என்பதனாற் பட்டத்தின் மதிப்பு மாறிவிடுகின்றது. பெயர் வேற்றுமை அறியாது சேர்ந்த மாணவனுக்கு இழந்த ஆண்டுகளை எக்குழுவும் மீட்டுக் கொடாது.

பல்கலைக்கழகமே இல்லாப் பட்டங்களும் உண்டு. கராச்சியைச் சேர்ந்த அக்ஸாக்ட் என்னும் நிறுவனம் இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரால் உலகெங்கும் பட்டங்களை விற்கின்றது என 2015 மே மாதத்தில் நியூயோர்க் டைம்ஸ் நாளிதழ் எழுதியது. அழகிய இணையத்தளமும் ஆங்கிலப் பெயரும் சான்றாகா.

தொழில்சார் துறைகளில் இன்னொரு வாயிலும் உண்டு. மருத்துவருக்கு இலங்கை மருத்துவ சபையின் பதிவு வேண்டும். ஆணைக்குழுவின் கடிதம் மட்டும் அங்கே செல்லாது. சட்டத்துக்கும் பொறியியலுக்கும் தத்தம் சபைகள் உள. தனியார் கம்பனிகளின் போக்கு வேறு. கணினித் துறையிலே பட்டத்தினும் வேலைத்திறனை நோக்குவோர் பலர். வங்கிகள் பெரும்பாலும் அரச வழக்கையே தழுவுகின்றன என்பது எம் கணிப்பு.

ஆகவே கட்டணம் செலுத்துமுன் இரண்டு கடிதம் எழுதுக. ஒன்று ஆணைக்குழுவுக்கு, மற்றது, எங்கே தொழில் புரிய அல்லது மேற்படிப்புப் படிக்க எண்ணுகிறீரோ அவ்விடத்துக்கு. நெறியின் முழுப்பெயர், படிக்கும் முறை, பரீட்சை நடக்கும் இடம், சேரும் ஆண்டு ஆகியவற்றைக் குறித்து, 'இப்பட்டத்தை இன்ன பதவிக்கு ஏற்பீர்களா?' என்று கேட்க வேண்டும். முகவர் வாய்ச்சொல்லை விடையாகக் கொள்ளற்க. வரும் கடிதத்தைப் பிறப்புச் சான்றிதழோடு பேணுக. கடிதம் எழுத அஞ்சும் மாணவர் எம் வகுப்புக்கு வரலாம். முறைசார் கடிதம் எழுதுதல் பாடத்திட்டத்தில் உள்ளதே. உண்மையான முகவரிக்கு எழுதிப் பழகினால் எமக்கும் மகிழ்ச்சி.