சிவப்புக் குமிழ் வாங்குமுன்

அன்புள்ள பெறாமகளுக்கு,

அம்மாவின் நாரி நோவுக்கும், பனிக்காலம் தொடங்கியதிலிருந்து உன்னைப் பிடித்திருக்கும் சோர்வுக்கும் சேர்த்து, கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டுகிற அந்த 250 வாட் சிவப்புக் குமிழை வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று கேட்டிருந்தாய். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது நல்லதொரு சூட்டு விளக்கு. நாரிக்குச் சூடு பிடிக்க வேண்டுமென்றால் தாராளமாக வாங்கு. ஒளியால் வைத்தியம் செய்யும் கருவி என்று நம்பி வாங்காதே. எதற்காக வாங்குகிறாய் என்பது தெளிந்துவிட்டால், எந்தக் குமிழ் என்ற கேள்விக்குப் பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

அதற்குள் இருப்பது பழைய மின்குமிழில் இருந்த அதே டங்ஸ்டன் இழைதான். அதைச் சற்றுக் குறைந்த வெப்பநிலையில், ஏறத்தாழ 2400 கெல்வினில் எரியும்படி செய்திருக்கிறார்கள். சூடேறிய பொருள் எந்த அலைநீளத்தில் எவ்வளவு கதிர் வீசும் என்பதற்கு இயற்பியலில் கணக்கு உண்டு. அதன்படி இந்த வெப்பநிலையில் கண்ணுக்குத் தெரியும் ஒளி நூற்றில் மூன்று பங்குதான். 700 முதல் 1400 நனோமீற்றர் வரையான அண்மை அகச்சிவப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் முழுவதும் அதைவிட நீண்ட அலை. அந்த நீண்ட அலையைத் தோலிலுள்ள நீர் மேற்பரப்பிலேயே உறிஞ்சிவிடும். நாம் உணரும் சூட்டின் பெரும்பகுதி அதுதான். ஒளிச் சிகிச்சை ஆய்வுகளில் அதிகம் அடிபடும் 780 முதல் 1100 நனோமீற்றர் வரையான பட்டையை மட்டும் எடுத்தால் ஏழில் ஒரு பங்கு தேறும். ஆகவே இதை ‘அண்மை அகச்சிவப்பு விளக்கு’ என்று விற்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு பங்கைக் கூட்ட முயன்றால் மற்ற ஆறு பங்கும் கூடவே ஏறும். எவ்வளவு நேரம் இருக்கலாம், எவ்வளவு கிட்டப் போகலாம் என்பதைத் தோல் தாங்கும் சூடுதான் தீர்மானிக்கும். மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்று கொடுப்பதுபோல இந்த ஒளியை அளந்து கொடுக்க வழியில்லை.

“ஆராய்ச்சி இருக்கிறதே” என்று நீ கேட்பாய். இருக்கிறதுதான். 1967இல் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர், லேசர் ஒளி பட்ட சுண்டெலிகளில் மயிர் விரைவாக வளர்வதைக் கவனித்தார். இழைமணியிலுள்ள ஒரு நொதியம் இந்த ஒளியை ஏற்றுக்கொள்கிறது என்ற விளக்கம் பின்னர் வந்தது. 16 சோதனைகளில் பங்குபற்றிய 820 நோயாளிகளின் முடிவுகளைத் தொகுத்து 2009இல் லான்செற் இதழில் வந்த கட்டுரை, கழுத்து நோவுக்குக் குறைவலு லேசர் பயன் தருவதாகச் சொன்னது. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே சோதிக்கப்பட்டது ஒற்றை அலைநீளமுள்ள லேசர். குறித்த இடத்தில், அளந்த அளவில் கொடுத்தார்கள். அந்தப் பெறுபேற்றைச் சூட்டுக் குமிழின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. குமிழின் முன்னால் இருந்தவருக்கு நோவு குறைந்தாலும், சூட்டினால் குறைந்ததா ஒளியினால் குறைந்ததா என்று பிரித்தறிய முடியாது. ஆய்வுகளுக்குக் கிட்ட நிற்பது 660, 850 நனோமீற்றர் என்று குறிப்பிட்டு விற்கப்படும் எல்.ஈ.டி. பலகைகள்தான். அவை பல நூறு டொலர் விலை போகும். அதை வாங்க நினைத்தால், மருத்துவச் சாதனங்களுக்கு ஹெல்த் கனடா வைத்திருக்கும் உரிமப் பட்டியலை இணையத்தில் திறந்து அந்தப் பெயரைத் தேடிப் பார். அமெரிக்க எஃப்.டி.ஏ.யில் ‘பதிவு செய்யப்பட்டது’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை அங்கீகாரம் என்று எடுத்துக்கொள்ளாதே. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு.

இன்னொரு வாதமும் உண்டு. வெயிலிலும் பாதிக்கு மேல் அகச்சிவப்புத்தானே, ரொறன்ரோவின் பனிக்காலத்தில் இழக்கும் வெயிலைக் குமிழால் ஈடு செய்தால் என்ன என்பது அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் பனிக்காலம் நம்மிடமிருந்து பறிப்பவற்றில், உடல்நலத்துக்கு முக்கியம் என்று உறுதியாகத் தெரிந்தவை இரண்டு. ஒன்று, காலையில் கண்ணுக்குள் புகும் பலத்த வெளிச்சம். டிசம்பர் கடைசியில் இங்கே பகல் ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை. உடலின் நாட்கடிகாரத்துக்குச் செய்தி சொல்லும் விழித்திரைக் கலங்கள் 480 நனோமீற்றரை அண்டிய நீல ஒளிக்கே அதிகம் இசைபவை. சிவப்புக் குமிழை அவை ஏறெடுத்தும் பார்க்கமாட்டா. பருவகால மனச்சோர்வுக்குச் சோதித்துப் பார்க்கப்பட்டது 10,000 லக்ஸ் வெள்ளை விளக்கு. கனடாவின் நான்கு மையங்களில் 96 பேரை எட்டுக் கிழமை கவனித்து 2006இல் வெளிவந்த ஆய்வில், தினமும் காலையில் அரை மணித்தியாலம் அந்த வெளிச்சத்தின் முன் இருந்தவர்களும், மனச்சோர்வுக்கான ஃபுளுவொக்செற்றின் மாத்திரை எடுத்தவர்களும் ஒரே அளவில், நூற்றுக்கு 67 பேர், தேறினார்கள். ஸ்காபரோவின் மால்வேர்ன் நூலகத்தில் வாசகர்களுக்கென்று வைத்த விளக்குகளும் இந்த வகைதான். இரண்டாவது இழப்பு, தோலில் விற்றமின் டி உண்டாக்கும் புறஊதாக் கதிர். நம்மைவிடச் சற்றுத் தெற்கே, 42 பாகையில் உள்ள பொஸ்டனில், நவம்பர் முதல் பெப்ரவரி வரை வெயிலால் விற்றமின் டி உண்டாவதில்லை என்று 1988இலேயே காட்டிவிட்டார்கள். எங்களுடைய கறுத்த தோலுக்கு அந்தக் கதிர் இன்னும் கூடுதலாக வேண்டும். சூட்டுக் குமிழில் அது இல்லை. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 600 அலகு, எழுபதைத் தாண்டியவர்களுக்கு 800 அலகு என்பது ஹெல்த் கனடாவின் அளவு. அதை மாத்திரையும் பாலும் மீனும் தரும்.

அப்படியானால் எஞ்சுவது சூடு. சூட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, பன்னிரண்டு கிழமைக்கு உட்பட்ட நாரி நோவுக்கு மாத்திரைக்கு முன்னர் செய்து பார்க்க வேண்டியவற்றில் மேற்சூட்டையும் சேர்த்திருக்கிறது. அதைவிட நீண்டுபோன நோவுக்கு அது முதலில் சொல்வது உடற்பயிற்சியை. சூடு தசையை இளக்கி அம்மாவை எழுந்து நடக்க வைக்குமானால், அதுவே இந்தக் குமிழின் முழுப் பயன். அதற்குச் சுடுநீர்ப் பையும் மின்சார ஒத்தடமும் போதாதா என்றால், பலருக்குப் போதும். தொடாமல், அகன்ற பரப்பில், காய்ந்த சூடு வேண்டும் என்பவர்களுக்கே குமிழ் கூடுதல் வசதி.

இனித் தெரிவைப் பார்ப்போம். பெட்டியில் ‘ஆர் 40’ அல்லது ‘பி.ஆர். 40’ என்று இருக்கும். முகத்தின் அகலம் ஐந்து அங்குலம் என்பதே அதன் பொருள். 125, 175, 250 வாட் என்று கிடைக்கும். பேஸ்மென்ற் அறை போன்ற சிறிய இடத்துக்கு 125 அல்லது 175 தாராளம். சிவப்போ தெளிந்த கண்ணாடியோ, ஒரே வாட்டில் வரும் அகச்சிவப்பு ஏறக்குறைய ஒன்றுதான். சிவப்பு கண்கூச்சத்தைக் குறைக்கும், அவ்வளவே. மருத்துவத் தரம் என்று சொல்லிக் கூட்டிய விலைக்கு அதில் ஒன்றுமில்லை. தண்ணீர் தெறித்தால் வெடிக்காத கடினக் கண்ணாடிக்கு நாலு காசு கூடக் கொடுக்கலாம். ‘உடையாதது’ என்று டெஃப்லொன் பூசி வரும் குமிழைத் தவிர். சூட்டில் அந்தப் பூச்சு விடும் புகை கோழிகளையே கொன்றிருக்கிறது. ஊர்வன வளர்ப்பவர்கள் வாங்கும் ஒளியில்லாத பீங்கான் குமிழ் தூர அகச்சிவப்பைத்தான் வீசும். அது வேறு பொருள். லண்டனிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ யாரும் கொண்டுவந்து தரும் 230 வோல்ட் குமிழ் இங்கே 120 வோல்ட்டில் பாதி வலுவுக்கும் எரியாது. இங்கே வாங்கியதை அங்கே அனுப்பினால் மாட்டிய உடனே போய்விடும்.

குமிழைவிட அதைத் தாங்கும் விளக்கில் நீ கவனம் வைக்க வேண்டும். மேசை விளக்கின் பிளாஸ்டிக் ஹோல்டர் 60 வாட்டுக்குச் செய்தது; அதில் இதை மாட்டினால் உருகும். பீங்கான் ஹோல்டரும், முன்பக்கம் கம்பிக் கூடும், 250 வாட் தாங்கும் என்ற குறிப்பும் இருக்க வேண்டும். ஒன்ராரியோவில் விற்கும் மின்சாதனத்தில் சி.எஸ்.ஏ., பக்கத்தில் சிறிய ‘சி’ போட்ட யு.எல். போன்ற ஏற்கப்பட்ட முத்திரை ஒன்று இருக்க வேண்டும். இணையத்தில் வரும் பலவற்றில் இருக்கும் ஐரோப்பிய ‘சி.ஈ.’ குறி இங்கே செல்லாது. கவ்வியை மட்டும் நம்பித் தொங்கவிடாதே. கவ்வி நழுவிப் படுக்கையில் விழுந்தால் தீதான். நாலு குமிழைச் சேர்த்துப் பெட்டிக்குள் சோனா கட்டுகிறார்கள். அது 1000 வாட். வாடகை வீட்டில் அந்த வேலை வேண்டாம்.

“மலிந்த பொருள்தானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் என்ன?” என்பது கடைசி எதிர்வாதம். இதற்குத்தான் நான் சற்றுக் கடுமையாகப் பதில் சொல்வேன். 250 வாட்டில் பாதி மட்டும் இரண்டடி அகல வட்டத்தில் விழுந்தாலும் சதுர மீற்றருக்கு 400 வாட்டுக்கு மேல் வரும். கண்ணுக்கு நீண்ட நேர அகச்சிவப்பின் சர்வதேச வரம்பு சதுர மீற்றருக்கு 100 வாட். கண்ணாடி ஊதும் தொழிலாளருக்குக் கண்ணில் வெண்புரை வந்த வரலாறு பழையது. ஆகவே முகத்துக்கு இதைக் காட்டவே கூடாது. முகத்தில் மங்கு உள்ளவர்களுக்குச் சூடு அதைக் கருக்கவும் செய்யும். ஒரே இடத்தில் நாள்தோறும் சூடு பட்டால் தோலில் வலைபோல் கறுப்பு விழும், எளிதில் மறையாது. எல்லாவற்றையும்விடப் பெரியது நீரிழிவு. நம்மவர் வீடுகளில் அது இல்லாத வீடு குறைவு. நரம்பு மரத்த காலுக்குச் சுடுவது தெரியாது. தெரியவரும்போது கொப்புளம் புண்ணாகியிருக்கும். அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருந்தால் காலுக்கும் பாதத்துக்கும் இந்தக் குமிழ் கூடவே கூடாது. நாரிக்கும் குடும்ப வைத்தியரிடம் கேட்ட பிறகே.

ஆகையால் காசை இந்த ஒழுங்கில் செலவழி. முதலில் இருவருக்கும் விற்றமின் டி. அடுத்து உனக்கு 10,000 லக்ஸ் வெள்ளை விளக்கு. கண்ணில் நோயோ இருமுனை மனநோயோ இருந்தால் மட்டும் வைத்தியரைக் கேட்டபின். அதற்குப் பிறகும் அம்மாவுக்குச் சூடு வேண்டுமென்றால், 175 வாட் கடினக் கண்ணாடிக் குமிழ் ஒன்று, பீங்கான் ஹோல்டருள்ள பாரமான நிலைவிளக்கு ஒன்று. இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டி, பத்து நிமிடம், பக்கத்தில் ஆள் இருக்க. முடிந்ததும் அம்மாவை எழுப்பிக் கொஞ்சம் நடக்க விடு.

அன்புடன்,
பெரியப்பா