தொட்டியை மேலே கட்டுங்கள்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில் "மேல் தொட்டி யோசனை, செலவு கருதி ஒத்திவைக்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது. யோசனையைச் சொன்னவர் யார் என்று எழுதவில்லை. சொன்னவன் நான். தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த ஒத்திவைப்பில் என் பட்டறைக் கொட்டகை எரிந்துபோனது. அதனால் எழுத்து கொஞ்சம் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சரிவு எங்களுடையது. உச்சியில் கற்பூர மரக்காடு. சமவெளிக்காரர்கள் யூகலிப்டஸ் என்பார்கள். நடுவில் வீடுகள். அடியில் ஊற்றும் ஓடையும். மலையில் குடியிருக்கிற பலருக்கும் இதுபோன்ற அமைப்பு இருக்கலாம். இருந்தால் நான் சொல்வதில் பலதும் உங்களுக்கும் பொருந்தும். வீடுகளில் பாதி, பனியிலும் மழையிலும் இங்கேயே கிடக்கிற எங்களுடையவை. மீதி, மே மாதம் வந்து மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டுப் போகிறவர்களின் காட்டேஜ்கள்.

ஊற்று கீழே இருக்கிறது. அதனால் 50,000 லிட்டர் தொட்டியைக் கீழேயே கட்டி, மோட்டார் வைத்து, அவரவர் வீட்டுக் கூரைத் தொட்டிக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்றார் சங்கத்தில் இருந்த எஞ்சினியர். அவரும் ஓய்வு பெற்றவர்தான். சமவெளியில் பெரிய பெரிய கட்டடங்கள் கட்டியவர். வரைபடம் அழகாக இருந்தது. "சார், கரண்ட் இல்லாட்டி?" என்று மட்டும் கேட்டேன். ஜெனரேட்டர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தப் 'பிறகு' இன்றுவரை வரவில்லை.

நான் சொன்னது வேறு. உச்சியில், காட்டு ஓரத்தில், மேல் வரிசைக் கூரைகளுக்குச் சற்றுத் தாழ்வாக ஒரு தொட்டி. மேல் வரிசை வீடுகளின் கூரைத் தண்ணீர் முழுக்க அதற்குப் போக வேண்டும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரை என்றால் 93 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் பெய்கிற ஒரு நல்ல மழையில், சிந்தியது சிதறியது போக, இரண்டாயிரம் லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கலாம். நீலகிரியின் கிழக்குச் சரிவான எங்கள் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அதாவது தீப்பிடிக்கும் காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் தொட்டி தானாக நிறைந்து நிற்கும். மழை குறைந்த வருஷம் கீழ் ஊற்றிலிருந்து இரவில் மோட்டார் போட்டு ஏற்றிக்கொள்ளலாம். ஒருதரம் மேலே ஏறிவிட்டால் அதற்கப்புறம் மின்வாரியத்தின் தயவு வேண்டாம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ பிரஷர் சும்மா கிடைக்கும். இது ஃபிட்டர் வேலைக்கு வருகிற பையனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது.

"உங்க வீடு மேல இருக்கு, அதான் தொட்டியும் மேல வேணுங்கறீங்க" என்று ஒருவர் சிரித்தார். என் வீடு மேலே இருப்பது உண்மை. தண்ணீர் கீழ்நோக்கி ஓடுவதும் உண்மை. அதே கூட்டத்தில், சாலை நுழைவில் டைல்ஸ் ஒட்டி விளக்குப் போட்ட வரவேற்பு வளைவு ஒன்றுக்குப் பணம் ஒதுக்கினார்கள். அதை யாரும் ஒத்திவைக்கவில்லை.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி புல்லைக் கருக்கிவிடும். பிப்ரவரி வெயிலில் அது சருகாகி, காற்றும் சேர்ந்துகொண்டால் ஒரு பீடித் துண்டு போதும். எங்களுக்குப் பீடித் துண்டுகூடத் தேவைப்படவில்லை. நடு வரிசைக் காட்டேஜ் ஒன்றின் உரிமையாளர் வார இறுதிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். தோட்டம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று போனில் உத்தரவு. வாட்ச்மேன் உண்ணிச்செடியையும் கற்பூர இலையையும் குவித்து, காலை பதினொரு மணிக்கு, காற்று ஏறுகிற நேரம் பார்த்துத் தீ வைத்தார். பிற்பாடு எல்லோரும் அந்த வாட்ச்மேனைத்தான் திட்டினார்கள். போனில் பேசியவரை ஒருவரும் கேட்கவில்லை.

சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் போகும். கீழே எரிகிற சுவாலையின் சூடு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதால், தீ அங்கே போய்ச் சேரும்போது எல்லாம் எரியத் தயாராக இருக்கும். கற்பூர மரத்தின் பட்டை நாடா நாடாவாகத் தொங்கும். அது பற்றிக்கொண்டால் காற்றில் பறந்து எங்கெங்கோ விழும். தீ ஒரு பக்கம் இருக்கிறது, நாம் மறுபக்கம் இருக்கிறோம் என்று நிம்மதியாக நிற்க முடியாது.

மின்கம்பி அந்தச் சரிவின் வழியாகத்தான் போகிறது. லைன்மேன் சப்ளையை நிறுத்தினார். அவர் செய்தது சரி. நிறுத்தாவிட்டால் அணைக்கப் போனவர்கள் செத்திருப்பார்கள். ஆனால் அந்த நொடியிலிருந்து மோட்டார் பிணம். 50,000 லிட்டர் தண்ணீர், தளும்பத் தளும்ப, எங்களுக்கு அறுபது மீட்டர் கீழே. பக்கெட்டில் தூக்கிக்கொண்டு படியேறினோம். நான் அறுபதைத் தாண்டியவன், என் சம்சாரம் முட்டிவலிக்காரி. வீட்டுக் கூரைத் தொட்டியில் இருந்ததை அரை அங்குல ஹோஸில் பிடித்தால் குழந்தை மூத்திரம் போவது போல வந்தது. காட்டேஜ் ஒன்றுக்கு மேலிருந்து தனியாகக் கறுப்புக் குழாய் போட்டிருந்தார்கள், தரைமேலேயே. அது உருகி ஒட்டிக்கொண்டது.

தீயணைப்பு வண்டி வந்தது. அந்த வரவேற்பு வளைவுக்குள் நுழையவில்லை. வண்டியைக் கீழேயே விட்டுவிட்டு அவர்கள் நடந்து ஏறினார்கள். வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் வந்து, பச்சைக் கொப்பை ஒடித்து அடித்து அடித்தே விளிம்பை அணைத்தார்கள். பெரிய நெருப்பிலிருந்து ஓரமாக ஒரு பட்டை புல்லைச் செதுக்கி வெறும் மண் தெரிய விட்டதும்தான் அது அடங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. என் கொட்டகை, அதில் இருந்த விறகு, ஃபாக்டரியை விட்டு வரும்போது சொந்தக் காசில் வாங்கி வந்த டை செட், பைப்பு ரெஞ்சு, வைஸ் எல்லாம் போயின. எங்கள் வீட்டிலிருந்து இருபது அடி. ஒன்றேகால் அங்குலக் குழாயில் ஒரு கேட் வால்வு இருந்திருந்தால் கால் மணி நேர வேலை.

2024 மார்ச்சில் குன்னூர் ஃபாரஸ்ட் டேல் பக்கம் நடந்ததைப் பலரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். தனியார் தோட்டத்தில் கழிவுக்கு வைத்த தீ காட்டுக்குள் புகுந்து நாள்கணக்கில் எரிந்தது. விமானப்படை ஹெலிகாப்டர் வந்து, ரேலியா அணையில் தண்ணீர் மொண்டு ஊற்றியது. அந்தச் செய்தியை எஞ்சினியர் சாரிடம் காட்டி, அரசாங்கமே தண்ணீரை மேலிருந்துதான் ஊற்றுகிறது பாருங்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால் முதல் காரியம் தொட்டி. இதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. தொட்டி சிமென்டில் இருக்கட்டும். பிளாஸ்டிக் தொட்டி தீக்குப் பக்கத்தில் நின்றால் தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ளதெல்லாம் உருகி உட்கார்ந்துவிடும். குழாயை ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். தீக்கு மட்டுமல்ல, காட்டெருமைக்கும் அதுதான் வைத்தியம். எங்கள் ஊரில் தெருவோடு நடக்கிற ஜீவன், குளம்பை வைத்தால் குழாய் அம்பேல். தரைக்கு மேலே வருகிற இடத்தில் ஜி.ஐ. பைப்பு, பித்தளை வால்வு. பிளாஸ்டிக் வால்வு விலை குறைவுதான், எரிகிற புல்லுக்கு நடுவே நின்று திருகிப் பாருங்கள் அப்புறம் தெரியும். சரிவு நீளமாக இருந்தால் கீழ் வீடுகளுக்கு பிரஷர் அதிகமாகிக் குழாய் தெறிக்கும். அறுபது மீட்டர் என்றால் ஆறு கிலோ. நடுவழியில் மிதவை வால்வு வைத்த சின்னத் தொட்டி ஒன்றைக் கட்டினால் பிரஷர் அங்கே உடைந்துவிடும். தொட்டியில் பாதிக்கு மேல் வீட்டு உபயோகக் குழாயை எடுங்கள், அடியில் தீக்குழாயை எடுங்கள். அப்போதுதான் விருந்தாளிகள் எல்லோரும் வெந்நீரில் குளித்துத் தீர்த்தாலும் கீழ்ப் பாதி மிஞ்சும். தண்ணீர்ச் சிக்கனம் பற்றி நான் செய்கிற பிரசங்கம் இவ்வளவுதான். குளிக்கிறவரிடம் போய்க் கெஞ்சுவதைவிடக் குழாயை உயர்த்தி வைப்பது சுலபம்.

மற்றதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது: ஜனவரிக்குள் கூரைத் தகரத்திலும் மழைநீர்க் காலிலும் அடைந்த சருகை வாருங்கள், வீட்டைச் சுற்றி முப்பது அடி புல் அறுங்கள், விறகை வீட்டுச் சுவரோடு அடுக்காதீர்கள், சிலிண்டரைத் தீயின் பக்கம் விடாதீர்கள், 101க்கு உடனே கூப்பிடுங்கள், அணைக்க நிற்பதா ஓடுவதா என்று சந்தேகம் வந்தால் ஓடுங்கள், அதுவும் மேலே ஏறாமல் பக்கவாட்டில். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் செத்த பிறகு சரிவில் தீ என்றால் என்ன என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சருகை எரிக்காமல் குழியில் போட்டுச் சாணம் கரைத்துத் தெளித்து மண் மூடுங்கள். கற்பூர இலை மக்க நாளாகும். ஆகட்டுமே, யாருக்கு என்ன அவசரம்?

தீ அணைந்ததோடு கதை முடிந்தது என்று சங்கத்தில் எல்லோரும் நினைத்தார்கள். ஏப்ரல் கோடை மழையில் இரண்டாவது பாகம் வந்தது. புல் வேர் பிடித்து நிறுத்தியிருந்த மண் இப்போது வெறுமனே கிடந்தது, அதன்மேல் சாம்பல். முதல் மழையே அதை அப்படியே வழித்துக்கொண்டு ஊற்றுக்குள் இறக்கியது. தொட்டித் தண்ணீர் காப்பி டிகாஷன் நிறம். எஞ்சினியர் சார் ப்ளீச்சிங் பவுடரைக் கூடுதலாகப் போடச் சொன்னார். கலங்கலில் ப்ளீச்சிங் சரியாக வேலை செய்யாது. அதன் சக்தியைச் சேறே குடித்துவிடும், கிருமி சேற்றுத் துகளுக்குள் ஒளிந்துகொள்ளும். முதலில் படிகாரம் போட்டுத் தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறக்கி, அப்புறம்தான் ப்ளீச்சிங். நான் சொன்னதைக் கேட்காமல் மூன்று பங்கு கொட்டினார்கள். நாற்றம்தான் மிச்சம். எங்கள் வீட்டில் கொதிக்கவைத்துக் குடித்தோம், மற்றவர்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து கேன் வரவழைத்தார்கள்.

ஆகவே தீ எரிந்த இடத்தில் அடுத்த மழைக்கு முன்னால் செய்ய வேண்டியது: எரியாத கொப்பு, மட்டை, கல் எது கிடைத்தாலும் சரிவுக்குக் குறுக்கே, மட்டம் பார்த்து வரிசை வரிசையாக அடுக்குங்கள். மண் அதில் தங்கும், தண்ணீர் மட்டும் கசிந்து இறங்கும். தண்ணீர் தேக்கக் குழி தோண்டாதீர்கள். சென்னையில் 2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமானதிலிருந்து எல்லோருக்கும் மழைநீர் என்றாலே கசிவுக்குழிதான் ஞாபகம் வருகிறது. சமதளத்துக்கு அது நல்ல வைத்தியம். 2009 நவம்பரில் நீலகிரி மண் எப்படிச் சரிந்தது என்று பார்த்தவர்கள் செங்குத்துச் சரிவில் குழி வெட்டித் தண்ணீரைத் தேக்க மாட்டார்கள். இங்கே மழையைக் கூரையில் பிடிப்பதுதான் புத்தி. கூரையில் பிடிக்கும்போதும் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். சாம்பல் கூரையிலும்தான் படிந்திருக்கும். பிளாஸ்டிக் எரிந்த இடமாக இருந்தால் அந்தச் சாம்பலைக் கையுறை போட்டு வாரித் தனியாக மூட்டை கட்டுங்கள். அது தோட்டத்துக்கு உரமாகாது.

ஊற்றைச் சுத்தம் செய்ய இறங்கியபோது இன்னொன்றும் தெரிந்தது. காட்டேஜ் இரண்டின் செப்டிக் உறிஞ்சுகுழி ஊற்றுக்கு நேர் மேலே இருக்கிறது. 50, 60 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். சரிவில் நேர் மேலே இருந்தால் அந்தத் தூரமும் போதாது. கார் கழுவுகிற சோப்புத் தண்ணீரும் அதே வழியில்தான் இறங்குகிறது. ஊற்று நிரம்பி வழிந்தால் ஓடை, ஓடை போய்ச் சேர்வது பவானிசாகர். ஈரோட்டுக்காரர்கள் வயலில் பாயப்போவது எங்கள் வார இறுதி விருந்தாளிகளின் ஷாம்பு. குழியை இடம் மாற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தால், "மேல இருக்கிறவங்க தண்ணிய நாங்க கேட்டமா?" என்று பதில் வந்தது. இதற்கு என்ன பொருள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

போன மழைக்காலத்துக்கு முன்னால் மேல் தொட்டியைக் கட்டிவிட்டார்கள். 30,000 லிட்டர், சிமென்ட், நான் சொன்ன இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி. அந்தக் கொஞ்சத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும், விட்டுவிடுகிறேன். திறப்பு விழாவில் எஞ்சினியர் சார் புவியீர்ப்பு விசை பற்றிப் பேசினார். நன்றாகவே பேசினார். வளைவையும் ஒரு பக்கத் தூணை இடித்து அகலப்படுத்தியாகிவிட்டது. டிசம்பரில் தொட்டி நிறைந்து வழிந்ததை நானே பார்த்தேன்.

ஒரே ஒரு வில்லங்கம் பாக்கி. தண்ணீரை யாராவது திருடிவிடுவார்கள் என்று தீக்குழாய் வால்வுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைச் செயலாளர் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறார்கள். அவர் கோயம்புத்தூருக்குப் போனால் சாவியும் கூடவே போகும். உங்கள் ஊரில் வால்வைப் பூட்டினால் கண்ணாடி போட்ட பெட்டியில் பூட்டுங்கள், உடைக்க ஒரு கல்லும் பக்கத்தில் வையுங்கள். இங்கே நான் அந்தப் பூட்டுக்கு ஒரு மாற்றுச் சாவி ராவி வைத்திருக்கிறேன். செயலாளருக்கு இது தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.