விதிவிலக்கை முதலில் படி

அன்புள்ள தங்கைக்கு,

பன்னாட்டுச் சட்டத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் செயற்கை நுண்ணறிவை எடுத்திருக்கிறாய். மகிழ்ச்சி. ‘இதற்குச் சட்டமே இல்லையே, எங்கே தொடங்குவது?’ என்று கேட்டிருந்தாய். அந்த முடிவோடு தொடங்காதே. இருக்கும் சட்டம் எதுவரை எட்டுகிறது, எந்த இடத்தில் நாடுகள் தெரிந்தே நிறுத்திக்கொண்டன என்று பார்.

ஜெனிவா உடன்படிக்கைகளுக்கு 1977-இல் சேர்த்த முதலாம் கூடுதல் நெறிமுறையின் 36-ஆம் பிரிவை எடுத்துக்கொள். புதிய ஆயுதத்தை உருவாக்கும்போதோ வாங்கும்போதோ, அதைப் பயன்படுத்துவது சில சூழல்களிலாவது தடைக்கு உட்படுமா என்று அந்த நாடே ஆராய்ந்து தீர்மானிக்க வேண்டும் என்கிறது அது. இன்று சோதித்த துப்பாக்கி நாளையும் அதே துப்பாக்கிதான். களத்துத் தரவைக் கொண்டு தன்னை மாற்றிக்கொண்டே போகும் மென்பொருளை எந்த நாளில் சோதிப்பது? எவ்வளவு மாறினால் மறுபடி சோதிக்க வேண்டும்? இந்தியா இந்த நெறிமுறையில் சேரவில்லை. அப்படியானால் வழக்காற்றுச் சட்டமாக இக்கடமை நம்மைக் கட்டுமா? ஓர் ஆய்வேட்டுக்கு இவையே போதும்.

ஒப்பந்தங்களைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. ஐரோப்பிய கவுன்சிலின் செயற்கை நுண்ணறிவு உடன்படிக்கை 2024 செப்டம்பர் 5 அன்று வில்னியஸ் நகரில் கையொப்பத்துக்கு வைக்கப்பட்டது. இத்துறையில் நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் முதல் பன்னாட்டு ஒப்பந்தம் அது. முகவுரையில் மயங்கி நிற்காமல் நேரே 3-ஆம் பிரிவுக்குப் போ. தேசப் பாதுகாப்பு நலன் காக்கும் செயல்களுக்கு இதைப் பொருத்த வேண்டிய கட்டாயமில்லை. ராணுவப் பாதுகாப்பு விவகாரங்கள் இதன் வரம்புக்குள்ளேயே வராது. எதை வெளியே வைத்தார்கள் என்று தெரிந்தபிறகு, உள்ளே இருப்பதன் எடை தானே விளங்கும்.

வாக்குப்பதிவையும் விடாதே. தானியங்கி கொலை ஆயுதங்கள் பற்றி 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை 4, அவற்றுள் இந்தியாவும் ஒன்று. ஆனால் 2017, 2018-இல் ஜெனிவாவில் இதே பொருளை விவாதித்த அரசு வல்லுநர் குழுவுக்குத் தலைமை வகித்தவர் இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில். எண்ணிக்கையோடு நின்றால் இது முரணாகத் தோன்றும். வாக்குக்கு நாடுகள் தந்த விளக்கவுரைகளைப் படித்தால், இதைப் பேச உரிய இடம் ஜெனிவாக் குழுவே என்ற இந்தியாவின் நிலைப்பாடு புரியும். அதை ஏற்பதும் மறுப்பதும் பிறகு உன் வேலை.

பொறியாளர்களிடம் கூச்சமில்லாமல் கேள். கருவி எப்படித் தவறும் என்று தெரியாமல் பொறுப்பு யாருடையது என்று எழுத முடியாது. குறி தவறினால் சாகப்போகிறவருக்கு எந்த மாநாட்டிலும் நாற்காலி இல்லை. அவருக்காகத்தான் இவ்வளவு நுணுக்கம்.

அடுத்த கடிதத்தில் 36-ஆம் பிரிவு பற்றிய உன் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அக்கா