கிள்ளான் கடலில் காற்றாலை சுழலுமா?

கேள்வி: கிள்ளான் துறைமுகப் பக்கம் மாலையில் நல்ல காற்று வீசுகிறது. காப்பார் மின்நிலையத்தில் நிலக்கரியை எரிப்பதற்குப் பதில், கடலில் காற்றாலை நட்டால் என்ன? அதில் மின்சாரம் எப்படி வருகிறது?
– வாசகர், கிள்ளான்

பதில்: அருமையான கேள்வி. கடலடியில் அறைந்து இறக்கிய தடித்த எஃகுக் குழாய்தான் பெரும்பாலான காற்றாலைகளுக்கு அடித்தளம். ஆழம் அதிகமானால் மிதவை. விமான இறக்கையின் வடிவம் கொண்ட அலகுகளைக் காற்று சுழற்ற, உச்சியிலுள்ள ஜெனரேட்டரில் காந்தங்கள் செப்புச் சுருள்களைக் கடந்து சுழல்கின்றன. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் அதன் வோல்டேஜை உயர்த்த, கடலடிக் கேபிள் கரைக்குக் கொண்டுவருகிறது. 1991இல் டென்மார்க்கின் விண்டபியில் 11 காற்றாலைகளோடு தொடங்கிய தொழில் இது.

நம் சிக்கல் காற்றில்தான். வேகம் இரட்டித்தால் காற்றின் ஆற்றல் எட்டு மடங்காகும். பாதியானால் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். வினாடிக்கு மூன்று, நான்கு மீட்டர் வேகம் இல்லாவிட்டால் பெரிய காற்றாலை மின்சாரமே தராது. முழுத்திறனுக்குச் சுமார் 12 மீட்டர் வேண்டும். மலாக்கா நீரிணையோ ஒருபுறம் சுமத்ரா, மறுபுறம் தீபகற்பம் என அணைக்கப்பட்டுக் கிடக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் காற்றும் பலவீனம். மாலைக் கடற்காற்று சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அதை நம்பிக் கோடிகளைக் கடலில் இறக்குவது தவறு என்பேன்.

கன்னியாகுமரிக் கடலுக்கு அந்தக் குறை இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று அங்கே மாதக்கணக்கில் வீசும். மன்னார் வளைகுடாவில் கடல் காற்றாலைகள் அமைக்க இந்திய அரசு திட்டமிட்டுவருவதும் அதனால்தான். மலேசியாவில் வாய்ப்பைத் தேடுவதானால், வடகிழக்குப் பருவக்காற்றை நேரே வாங்கும் திரங்கானு போன்ற கிழக்குக் கரைப் பகுதிகளில்தான் தேட வேண்டும்.